ஐந்தாவது ஓடர்

பயிற்சிப் புத்தகத்தில் ஆறு நிரல்.
திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம்,
செய்த வேலை, கற்ற திறன்,
மேற்பார்வையாளர் ஒப்பம்.
முதல் பதினொரு நாளும் ஒரே சொல்தான் எழுதினேன்:
வெங்காயம்.

என் மேற்பார்வையாளருக்கு இருபத்துமூன்று வயது.
சஜாத். என்னைவிடப் பதின்மூன்று குறைவு.
அக்கா என்றுதான் கூப்பிடுவான்,
ஏசும்போதும்.
"அக்கா, உது வெங்காயம் வெட்டினதோ,
வெங்காயத்தோட சண்டை பிடிச்சதோ?"
பிறகு ஒப்பம் வைப்பான்.
புத்தகம் முழுக்க அவனுடைய பெருவிரல் எண்ணெய்.

பன்னிரண்டு வருசம் போட்டோக்கொப்பிக் கடையில்
நின்றவள் நான்.
அந்த மெஷினும் சூடுதான், ஆனால்
கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும்.
ஐஞ்சு சந்தியில் இரவு ஏழரைக்கு
ஒருத்தரும் துண்டு எழுதித் தருவதில்லை.
கோழி ரெண்டு, ஒண்டு உறைப்புக் குறைய,
முட்டை ஒண்டு, மாடு ஒண்டு பார்சல்,
மரக்கறி ஒண்டு,
அது சின்னக் கல்லில அக்கா, பெரிசில போட்டிடாதேங்கோ.
நாலுவரை தலையில் நிற்கும்.
ஐந்தாவது வழுக்கி விழுந்துவிடும்.

முப்பத்திரண்டாம் நாள் விழுந்த ஐந்தாவது
மாலை போட்ட சாமி ஒருவருடையது.
பொட்டலத்தைப் பிரித்தார். முட்டை.
ஏசவில்லை.
திரும்ப மடித்து மேசையில் வைத்துவிட்டு
கை கழுவினார், நெடுநேரம்.
அன்றைக்குக் கற்ற திறன் என்ற இடத்தை
வெறுமையாய் விட்டேன்.
சஜாத் பேனையை வாங்கி எழுதினான்:
காது.

பிறகு தகடு தந்தான், கைக்கு ஒன்றாய்.
வலக்கை பழகிவிட்டது. இடக்கை
பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வருகிற பிள்ளை.
டக்-டக். டக்.
டக்-டக். டக்.
வீதிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஓட்டோக்காரருக்கு
திரும்பிப் பாராமலே தெரியும் கல்லடியில் யாரென்று.
"இண்டைக்கு நொண்டிக்கொத்தோ?"
வீட்டில் இரண்டு அடிமட்டத்தால் மேசையில் பழகினேன்.
கணக்குப் பாடம் இருக்கு என்று
மகள் ஒன்றைப் பறித்துக்கொண்டு போனாள்.

மதிப்பீட்டுக்கு மிஸ் வந்தது முற்பகல் பதினொன்றுக்கு.
அந்த நேரத்தில் கொத்து கேட்பவன்
யாழ்ப்பாணத்தில் பிறக்கவில்லை.
கதிரையெல்லாம் மேசைக்கு மேல் கவிழ்ந்து கிடந்தன.
கல்லுமட்டும் எரிந்தது.
ஐந்து ஓடர், இருபது நிமிடம்.
வடிவாய் அச்சடித்து, இலக்கம் போட்டு,
என் கண்ணுக்கு நேரே கண்ணாடியில் ஒட்டினார்.
சஜாத்தை வெளியே போகச் சொன்னார்.

வாசித்தேன்.
திரும்பவும் வாசித்தேன்.
எழுத்து கைக்கு இறங்கவில்லை.
வாழ்க்கையில் பாதி கடதாசியோடு நின்றவளுக்கு
ஒரு கடதாசி பிடிபடவில்லை.
எண்ணெய் புகைந்தது.

வெளியே யாரோ இருமினார்கள்.
"தங்கச்சி, கோழி ரெண்டு! ஒண்டு உறைப்புக் குறைய, எனக்கு அல்சர்!"
பிறகு ஒரு பெடியன், அவசரமாய்:
"முட்டை ஒண்டு, பஸ் போகப்போகுது!"
பிறகு கீச்சென்று ஒரு பொம்பிளைக் குரல்.
வெயிலில் அந்தக் கடதாசி
மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும்,
தலைகீழ் இடம்வலமாய் வாசித்துக்கொண்டு
சஜாத் ஒரு சனக்கூட்டமாய் நின்றான்.

கை தானாகப் போனது.
லீக்ஸ், முட்டை, கிழித்த ரொட்டி, குழம்பு.
டக்-டக். டக்.
"உதென்ன பட்டப்பகலில?" என்று வந்த ஓட்டோக்காரர்களும்
சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள்,
ஒருத்தர் இடியப்பக்கொத்து,
ஒருத்தர், பட்டியலிலும் இல்லை கடையிலும் இல்லை,
நண்டு.
மரக்கறி சின்னக் கல்லில் போனது.

"வெளியாலை சத்தம் போடக்கூடாது" என்றார் மிஸ்.
"இது றோட்டு, மிஸ்" என்றான் சஜாத்.

பதினெட்டு நிமிடம், நாற்பது செக்கன்.
இடதுகைக்கு மேலும் பயிற்சி தேவை என்று எழுதி,
சரி போட்டு,
பேனையை மூடிவிட்டு மிஸ் மெதுவாய்க் கேட்டார்,
கோழியைப் பார்சல் கட்டலாமோ,
குழம்பு கொஞ்சம் கூட விட்டு.
மிச்சத்தை ஓட்டோக்காரர்கள்
பிழை சொல்லிச் சொல்லித் தின்று முடித்தார்கள்.

இரவு புத்தகத்தை விரித்தேன்.
செய்த வேலை: கொத்து, ஐந்து.
கற்ற திறன்:
அந்த இடத்தில் சஜாத்தின் பெருவிரல்
எனக்கு முன்னமே பட்டிருந்தது.
எண்ணெயில் பேனை எழுதவில்லை.